அன்னைக்கடல்

நுழையும்முன்

மனிதர் எளிதில் நெருங்கவியலாத தொலைவில் இருப்பதே ஓர் இயற்கை வளத்திற்குப் போதிய காவல் என நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா? மங்கோலியாவின் வடகோடியில், நாடோடி மேய்ப்பர்களின் நிலத்தில் அமைந்த ஒரு நன்னீர் ஏரி இவ்வினாவிற்கு விடை கூறுகிறது.

கடலில்லா நாட்டின் கடல்

மங்கோலியா நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட நாடு. வடக்கே ரஷ்யாவும் ஏனைய திசைகளில் சீனாவும் அதன் எல்லைகள். பதினைந்து இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பெருநிலத்தில் வாழ்வோர் ஏறத்தாழ 35 இலட்சம் பேரே. தெற்கே கோபிப் பாலைவனமும், இடையே பரந்த புல்வெளியும், வடக்கே ஊசியிலைக் காடும் விரிந்துள்ளன. அக்காட்டு மலைகளுக்கிடையே, கடல்மட்டத்திலிருந்து 1,645 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது குவ்ஸ்குல் ஏரி.

வடக்குத் தெற்காக 136 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இவ்வேரியின் ஆழம் சில இடங்களில் 260 மீட்டரையும் கடக்கிறது. மங்கோலியாவின் மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த ஓர் ஏரியிலேயே அடங்கியுள்ளது. கடலைக் காணாத அம்மக்கள் இதனைத் ‘தலாய்’ என்பர். அம்மங்கோலியச் சொல்லுக்குப் ‘பெருங்கடல்’ என்பது பொருள். தலாய் லாமா என்னும் பட்டப்பெயரில் உள்ளதும் இச்சொல்லே. ஏரியைத் தாயாகக் கருதி ‘அன்னைக்கடல்’ என்று அழைப்பதும் அவர்தம் வழக்கம்.

ஏரியை நோக்கி

தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வடமேற்காகச் செல்லும் பயணி, முதலில் மோரன் என்னும் மாநிலத் தலைநகரை அடைகிறார். அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே சென்றால், ஏரியின் தென்முனையில் உள்ள ஹட்கல் என்னும் சிற்றூர் வரும். வழிநெடுகப் புல்வெளியும் மந்தைகளும் வெண்ணிறக் கூடாரங்களுமே காட்சியளிக்கும். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய ஐவகைக் கால்நடைகளே மேய்ப்பர்களின் செல்வம். குளிர் மிகுந்த இவ்வடபகுதியில், மாட்டினத்தைச் சேர்ந்ததும் யாக் என வழங்கப்படுவதுமான கவரிமாவும் மிகுதியாக வளர்க்கப்படுகிறது. ஏரிக்கு மேற்கே உள்ள காடுகளில், துகா என்னும் சிறுபான்மை மக்கள் பனிமான்களை வளர்த்து வாழ்கின்றனர்.

மேய்ப்பர்களின் கூடாரம் ‘கெர்’ எனப்படும். மடக்கக்கூடிய மரச்சட்டங்களை வட்டமாக நிறுத்தி, ஆட்டு உரோமத்தை அழுத்திச் செய்த தடித்த கம்பளத்தால் போர்த்தி இதனை அமைப்பர். இதன் வாயில் தெற்கு நோக்கியே இருக்கும். பருவந்தோறும் இதனைப் பிரித்து ஏற்றிச் சென்று வேறிடத்தில் நிறுவுவர். நாடோடிகள் என்பதால் அவர்கள் எங்கும் மனம்போன போக்கில் அலைபவர் அல்லர். கோடைக்கும் குளிர்காலத்திற்கும் தனித்தனி மேய்ச்சலிடங்கள் உண்டு. ஒரே இடத்துப் புல்லை வேரோடு மேயவிடாமல் நிலத்திற்கு ஓய்வளிக்கும் முறை இது.

முன்னறிவிப்பின்றி வரும் பயணியையும் அவர்கள் உள்ளே அழைத்து, உப்பிட்ட பால் தேநீர் அளித்து வரவேற்பர். வாயிற்படியை மிதிக்காமல் உள்ளே செல்வதும், கிண்ணத்தை வலக்கையால் பெறுவதும் விருந்தினர் காக்க வேண்டிய முறைமைகள். நீரைப் பற்றியும் அவர்களிடம் கடுமையான மரபுகள் உண்டு. ஓடும் நீரில் அழுக்கைக் கலப்பது தகாத செயல். நீரை முகந்து வந்து, கரையிலிருந்து விலகியே கழுவுதல் வேண்டும்.

தெளிவின் காரணம்

குவ்ஸ்குல்லின் நீர் மிகத் தெளிவானது. இதற்குக் காரணங்கள் உண்டு. ஏரியின் பரப்போடு ஒப்பிட, அதற்கு நீர்தரும் நிலப்பரப்பு சிறியது. ஆகவே, அடித்துவரப்படும் வண்டலும் உயிர்ச்சத்துகளும் குறைவு. சத்துகள் குறைந்த குளிர்நீரில் பாசிகள் பெருகுவதில்லை. சுற்றியுள்ள காட்டுநிலத்தின் அடியில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் உள்ளது.

எனினும், இத்தெளிவுக்கு மறுபக்கமும் உண்டு. ஏரிக்குப் பல சிற்றோடைகள் நீர்தரினும், வெளியேறும் ஆறு எக் என்னும் ஒன்றே. ஏரியின் கொள்ளளவோ மிகப் பெரியது. அதனால் இதன் நீர் முழுவதும் மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்படும். ஓடும் ஆற்றில் கலந்த மாசு நாளடைவில் அடித்துச் செல்லப்படலாம். இவ்வேரியில் கலந்த மாசு பல தலைமுறைகளுக்கு அங்கேயே தங்கும்.

தெரிந்து தெளிவோம்

குவ்ஸ்குல் இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. உலகின் மிக ஆழமான ஏரியாகிய ரஷ்யாவின் பைக்காலைப் போலவே, இதுவும் புவியோடு பிளந்து விலகியதால் உருவானது. எக் ஆறு செலெங்கே ஆற்றோடு கலந்து பைக்காலை அடைகிறது. ஆகவே இவ்விரு ஏரிகளையும் உடன்பிறப்புகள் என்பர்.

பனிப்பாதை

குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்துவிடும். ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுடைய பனிக்கட்டி, வசந்தம் முதிரும் வரை நீடிக்கும். முற்காலத்தில் சரக்கு ஏற்றிய வண்டிகள் இப்பனியின்மீதே ஏரியைக் கடந்தன. ஆனால், பனி உடைந்து வண்டிகள் பல நீரில் மூழ்கின. அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் நீரைக் கெடுக்கும் என்பதால், அப்போக்குவரத்து பின்னர்த் தடைசெய்யப்பட்டது. 1992இல் ஏரியும் சுற்றுப்புறமும் தேசியப் பூங்காவாயின. 2022இல் யுனெஸ்கோ இப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்த்தது.

கண்ணுக்குத் தெரியாத விருந்தினர்

இத்துணை காவல் இருந்தும் ஏரி தப்பவில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வேரியின் மேற்பரப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 20,000 நுண்நெகிழித் துகள்கள் கண்டறியப்பட்டன. நகரங்களையும் தொழிற்சாலைகளையும் கரையில் கொண்ட வட அமெரிக்காவின் ஹியூரான், சுப்பீரியர் ஏரிகளில் பதிவான அளவைவிட இது மிகுதி.

ஆலைகள் இல்லாத கரையில் இத்துகள்கள் எவ்வாறு வந்தன? விடை எளியது. புட்டிகள், பைகள், மீன்பிடி வலைகள் ஆகியன கரையில் எறியப்பட்டு, வெயிலாலும் அலையாலும் சிதைந்து துகள்களாயின. மக்கள் மிகுதியாக வாழ்வதும் பயணிகள் எளிதில் அடைவதுமாகிய தென்மேற்குக் கரைப்பகுதியே மிகுந்த மாசடைந்திருந்தது. மக்கள்தொகை குறைவு என்பது உண்மை. ஆயினும், குப்பையைச் சேகரித்து அகற்றும் ஏற்பாடு அதனினும் குறைவு.

மேய்ப்பர்களின் பழைய மரபு தோல், எலும்பு, உரோமம், மரம் ஆகியவற்றோடு வளர்ந்தது. அவை மண்ணில் மட்கிவிடும். பொருளைப் பயன்படுத்தி எறிவதால் அந்நாளில் பெருந்தீங்கு விளையவில்லை. மட்காத பொருள் வந்தபோது, அதனைக் கையாளும் புதிய ஒழுங்கு உடன் வரவில்லை. நீரை வழிபடும் மனம் இருந்தும், நீரைக் காக்கும் ஏற்பாடு பின்தங்கிவிட்டது. குவ்ஸ்குல்லின் துன்பம் இந்த இடைவெளியில் பிறந்தது.

முடிவாக

தொலைவு ஏரியைக் காக்கவில்லை, பெரும்பரப்பும் காக்கவில்லை. கொண்டுசென்ற பொருளைத் திரும்ப எடுத்துவரும் பயணியும், குப்பையை அகற்ற வழிசெய்யும் நிருவாகமும், நீரில் அழுக்கைக் கலவாத மரபை இக்காலத்திற்கேற்ப விரித்துப் பேணும் கரைவாழ் மக்களுமே அதனைக் காக்க முடியும். விருந்தினராகச் செல்பவர், வாயிற்படியை மிதிக்காமல் கெருக்குள் நுழையக் கற்கிறார். அதே பணிவோடு அவர் ஏரிக்கரையிலும் அடிவைத்தல் வேண்டும்.