பெல்லட் அடுப்பு: புகைபோக்கி மட்டும் போதாது

2022ஆம் ஆண்டு 19 கிலோ வணிக சிலிண்டர் 2,400 ரூபாயைத் தாண்டியபோது, நம் சங்கத்தின் ஓட்டல், இனிப்பக உறுப்பினர்கள் பலர் பெல்லட் அடுப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினர். மரத்தூள், கடலைத் தோல் போன்றவற்றை இயந்திரத்தில் அழுத்திச் சிறு துண்டுகளாக்கியதே பெல்லட். எரிபொருள் செலவு குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடுப்புக்குத் தாராளமாகப் பணம் கொடுப்பவர்கள், புகைபோக்கி என்றதும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். "இதில் புகையே வராது" என்று விற்பவர் சொல்லிவிடுவதும் ஒரு காரணம்.

புளோயர் ஓடி நன்றாக எரியும்போது புகை கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கரண்ட் போய் புளோயர் நின்றதும் பெல்லட் கனன்றுகொண்டே கிடக்கும். அப்போதுதான் இந்த வாயு அதிகம் வரும். எக்சாஸ்ட் ஃபேனும் அந்நேரம் ஓடாது. கரண்ட் இல்லாமலும் தானே இழுக்கும் புகைபோக்கி கட்டாயம் வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

புகைபோக்கி இருந்தும் தவறு நேரலாம். உறுப்பினர் ஒருவரின் பலகாரப் பட்டறையில், மழைக்காகக் கதவுகளைச் சாத்திக்கொண்டு வேலை செய்த இருவருக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் வந்தன. எண்ணெய் வாடை என்றே முதலில் நினைத்தார்கள். நாம் போய்ப் பார்த்தபோது புகைபோக்கியில் குறை இல்லை. கோளாறு, புதிதாக மாட்டிய எக்சாஸ்ட் ஃபேனால் வந்தது.

கணக்கு இதுதான். 1 கிலோ பெல்லட் எரிய நடைமுறையில் 8 அல்லது 9 கன மீட்டர் காற்று தேவை. மணிக்கு 10 கிலோ எரித்தால் 90 கன மீட்டர். 12 அங்குல எக்சாஸ்ட் ஃபேனோ மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் வெளியே தள்ளும். அவ்வளவு காற்றும் எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தால், திறந்திருக்கும் ஒரே வழி புகைபோக்கி. மேலே போக வேண்டிய வாயு அதன் வழியாகவே கீழே இறங்கிவிடும்.

எனவே வெளிச்சுவரில், தரைக்குச் சற்று மேலே, 2 அடிக்கு 1½ அடி திறப்பு விடுங்கள். எலி வராமல் வலை அடிக்கலாம். வலை காற்றைத் தடுக்கும் என்பதால் திறப்பைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். சரக்கு அறைப் பக்கமோ, ஜெனரேட்டர் புகை வரும் பக்கமோ வேண்டாம். குளிர்கிறதென்று பையன்கள் சாக்கை வைத்து அடைப்பார்கள், அதையும் கவனியுங்கள். குழாய் கூரைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். வளைவுகள் குறைவாக இருக்கட்டும். அடியில் சாம்பல் எடுக்க ஒரு மூடி வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதிக்கலாம். அடுப்பு பற்றவைக்கும் முன் கதவு, ஜன்னலைச் சாத்தி, சுவரில் விட்ட திறப்பை மட்டும் விட்டுவிட்டு, எல்லா ஃபேன்களையும் போடுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, புகைபோக்கிக் குழாயின் அடி மூடியைத் திறந்து அங்கே பிடியுங்கள். புகை குழாய்க்குள் போக வேண்டும். அறைக்குள் திரும்பினால் திறப்பு போதவில்லை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள். அலாரம் இருந்தாலும் பட்டறையில் யாரையும் இரவில் படுக்க விடாதீர்கள். அடுப்புக்குக் கொட்டேஷன் வாங்கும்போதே குழாய், திறப்பு வேலைகளையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.