ஆதாரம் எங்கே? - விக்கிபீடியாவில் நான் வாங்கிய குத்து

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்களா? கூகுளில் எதைத் தேடினாலும் முதல் சில முடிவுகளில் ஒன்றாக விக்கிபீடியா வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2001-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய இலவசக் கலைக்களஞ்சியம் இது. தமிழில் 2003 முதல் இருக்கிறது. "யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்களே, அப்படியானால் இதை நம்பலாமா?" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு இதற்கு விடை கிடைத்தது ஒரு குத்தின் மூலம்தான்!

ப்ரூஸ் லீயின் 'ஒன் இன்ச் பஞ்ச்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையைப் பின்னால் இழுத்து ஓங்காமல், எதிராளியின் மார்பிலிருந்து சுமார் ஓர் அங்குலத் தூரத்தில் கையை வைத்துக்கொண்டே குத்துவது. 1964-ல் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் எட் பார்க்கர் நடத்திய கராத்தே போட்டியில் ப்ரூஸ் லீ இதைச் செய்து காட்டினார். குத்து வாங்கியவர் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் போய் விழுந்தார். அந்தப் படக்காட்சியை இன்றும் இணையத்தில் பார்க்கலாம்.

முதல் குத்து

இதைப் பற்றிய ஆங்கில விக்கிபீடியா கட்டுரையைப் படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. 'எடிட்' டேபைக் கிளிக் செய்து, "இந்தக் குத்தைக் கண்டுபிடித்தவர் ப்ரூஸ் லீ" என்று ஒரு வரி சேர்த்தேன். 'பப்ளிஷ்' பட்டனை அழுத்தியதும் என் வரி உலகம் முழுவதும் தெரிய ஆரம்பித்துவிட்டது. என்ன ஒரு சந்தோஷம்!

மறுநாள் காலையில் பார்த்தால் வரியைக் காணோம். "ஆதாரம் எங்கே?" என்ற சிறு குறிப்போடு யாரோ நீக்கியிருந்தார். எனக்குக் கோபம். 'அன்டூ' கொடுத்து வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன். மீண்டும் நீக்கினார்கள். இப்படி மாறி மாறிச் செய்வதற்கு 'எடிட் வார்' என்று பெயராம். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் செய்த மாற்றத்தைத் திருப்பினால் நம்மைத் தடை செய்துவிடலாம் என்ற விதியும் இருக்கிறது.

பிறகு கட்டுரையின் 'டாக்' பக்கத்தில் போய்க் கேட்டேன். பொறுமையாகப் பதில் வந்தது. ப்ரூஸ் லீ இந்தக் குத்தை உலகப் புகழ் பெறச் செய்தவர். ஆனால் நெருக்கத்தில் நின்று குத்தும் முறை தென் சீனத் தற்காப்புக் கலைகளில் முன்பே உண்டு. அவரே ஹாங்காங்கில் இப் மேனிடம் விங் சுன் கற்றவர்தானே! நான் வாயடைத்துப் போனேன்.

இரண்டாம் குத்து

விட்டேனா? இந்த முறை ஆதாரத்தோடு போனேன். லண்டனில் உள்ள இம்பீரியல் கல்லூரி, யூனிவர்சிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கராத்தே பிளாக் பெல்ட் பெற்ற 12 பேரையும், உடற்பயிற்சி செய்யும் ஆனால் தற்காப்புக் கலை தெரியாத 12 பேரையும் ஒப்பிட்டார்கள். 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்தும்போது கராத்தேகாரர்களின் குத்தே பலமாக இருந்தது. தோளும் மணிக்கட்டும் வேகமெடுக்கும் நேரம் ஒத்துப்போவதுதான் இதில் முக்கியம் என்று தெரிந்தது. அவர்களின் மூளையின் சில பகுதிகளிலும் வித்தியாசம் இருந்தது.

நான் இதைக் காட்டி, "ப்ரூஸ் லீயின் பலத்துக்கு அவருடைய மூளையே காரணம் என்று ஆய்வு நிரூபித்துள்ளது" என்று எழுதினேன். இதுவும் போயிற்று! காரணம் என்ன? ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கராத்தேகாரர்கள். ப்ரூஸ் லீ 1973-லேயே காலமாகிவிட்டார். இரண்டையும் இணைத்தது ஆய்வு அல்ல, நான். ஆதாரம் சொல்லாததை ஆதாரத்தின் தலையில் கட்டக் கூடாது என்றார்கள்.

விக்கிபீடியாவின் மூன்று அடிப்படை விதிகள் எனக்கு அப்போதுதான் புரிந்தன. ஒன்று, எழுதுவதை மற்றவர் சரிபார்க்க ஆதாரம் வேண்டும். இரண்டு, சொந்த ஆராய்ச்சி கூடாது. மூன்று, நடுநிலை வேண்டும்.

சரிபார்ப்பவர்கள் யார்?

இவர்கள் யாரும் இதற்காக விக்கிபீடியாவிடம் சம்பளம் வாங்குபவர்கள் அல்ல. உங்களையும் என்னையும் போன்ற தன்னார்வலர்கள். ஒரு கட்டுரை 'குட் ஆர்ட்டிகிள்' என்ற தகுதி பெற வேண்டுமானால், அதை எழுதுவதில் பெரிய பங்கில்லாத ஒருவர் முழுவதும் படித்துப் பரிசோதிப்பார். நடை, ஆதாரம், முழுமை, நடுநிலை, படங்கள் ஆகியவற்றோடு, கட்டுரை எடிட் வார் இல்லாமல் நிலையாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். தேறினால் பக்கத்தின் மேலே பச்சை நிறக் கூட்டல் குறி கிடைக்கும். பலர் கூடி விவாதித்துத் தேர்வு செய்யும் மிகச் சிறந்த கட்டுரைகளுக்கு வெண்கல நிற நட்சத்திரம்.

ஆனால் எல்லாக் கட்டுரைக்கும் இப்படிக் காவல் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2005-ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி ஒருவர் பொய்யாக எழுதிவிட்டார். அது சுமார் நான்கு மாதம் அப்படியே கிடந்தது. என் தவறான வரிக்கு ஒரே இரவில் ஆள் வந்தார். அவருக்கு வரவில்லை. அந்த வரியை நம்பி எத்தனை பேர் அவரைத் தவறாக நினைத்திருப்பார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது

1. வரியின் முடிவில் சிறிய எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கிளிக் செய்தால் எந்த ஆதாரம் என்று தெரியும். முடிந்தால் அந்த ஆதாரத்தையே திறந்து, அதில் அப்படித்தான் சொல்லியிருக்கிறதா என்று படியுங்கள்.

2. 'சைட்டேஷன் நீடெட்' என்று இருந்தால், அந்த வரிக்கு இன்னும் ஆதாரம் காட்டவில்லை என்று பொருள். அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

3. 'வியூ ஹிஸ்டரி' டேபைக் கிளிக் செய்யுங்கள். எந்தத் தேதியில் யார் எதை மாற்றினார்கள் என்ற பட்டியல் வரும்.

4. 'டாக்' டேபைத் திறந்து, கட்டுரையைப் பற்றிச் சண்டை எதுவும் நடக்கிறதா என்று பாருங்கள். தமிழ் விக்கிபீடியாவில் இதன் பெயர் 'உரையாடல்'.

பிள்ளைகளின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குக் காப்பி, பேஸ்ட் செய்வதற்கு முன் இந்த நான்கையும் ஒரு முறை செய்து பாருங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கடைசியில் நான் மூன்றாவது முறையும் எழுதினேன். 1964-ல் நடந்ததைத் தனி வரியாகவும், 2012 ஆய்வைத் தனி வரியாகவும் பிரித்து, ஆய்வு கராத்தேகாரர்களைப் பற்றியது என்று தெளிவாகக் குறிப்பிட்டேன். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்து பயந்துகொண்டே பார்த்தேன். என் வரிகள் இருந்தன. யாரோ ஒருவர் ஒரு கமாவை மட்டும் சரி செய்திருந்தார்.