சி டிரைவில் இடம் தீர்ந்துவிட்டதா?

"புதிய லேப்டாப் வாங்கி இரண்டு ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் சி டிரைவ் சிவப்பாகக் காட்டுகிறதே, ஏன்?" என்று பலர் என்னிடம் கேட்கின்றனர். டிரைவில் காலி இடம் பத்து சதவீதத்திற்கும் கீழே போனால், விண்டோஸ் அந்தப் பட்டையைச் சிவப்பாக்கிவிடும். இதனை அலட்சியப்படுத்தக் கூடாது. போதிய இடம் இல்லை என்றால் விண்டோஸ் அப்டேட் பைல்கள் இறங்காது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே நிற்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 128 ஜிபி என்று வாங்கிய டிரைவ் 119 ஜிபி என்றுதான் காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024ன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். கீழே தரும் வரிசையில்தான் நான் செய்வது வழக்கம்.

1. அளந்து பாருங்கள்: விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தி செட்டிங்ஸ் திறக்கவும். சிஸ்டம், ஸ்டோரேஜ் எனச் செல்லவும். எந்தப் பிரிவு எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது என்று பட்டியல் கிடைக்கும். எது பெரியது என்று தெரியாமல் அழிக்கத் தொடங்கினால், நேரம்தான் வீணாகும்.

2. தற்காலிக பைல்கள்: அதே பட்டியலில் டெம்பரரி பைல்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். டெம்ப் பைல்கள், பழைய அப்டேட் மிச்சங்கள், தம்ப்நெயில்கள் ஆகியவற்றை டிக் செய்து நீக்கலாம். விண்டோஸ் புதிய பதிப்பிற்கு மாறிய பின்னர், பழைய பதிப்பும் அங்கு இருக்கும். இதுவே பல ஜிபி இருக்கலாம். வழக்கமாகப் பத்து நாட்களில் விண்டோஸ் தானே இதனை நீக்கிவிடும். முன்பே நீக்கினால் பழைய பதிப்பிற்குத் திரும்ப முடியாது. எனவே புதிய பதிப்பு சரியாக இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதே பட்டியலில் டவுன்லோட்ஸ் போல்டரும் இருக்கும். அதில் டிக் செய்திட வேண்டாம். நம் வீடுகளில் மார்க் ஷீட், ஆதார் நகல், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் இறங்கிய இடத்திலேயே கிடக்கின்றன. அந்த போல்டரைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையற்றதை மட்டும் நீக்குங்கள்.

3. ரீசைக்கிள் பின்: டெலீட் செய்த பைல், ரீசைக்கிள் பின்னில் உள்ளவரை இடத்தை விட்டுக்கொடுக்காது. உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டுக் காலி செய்திடவும்.

4. புரோகிராம்கள்: செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவு சென்று, அளவின்படி வரிசைப்படுத்துங்கள். பிள்ளைகள் விளையாடி முடித்த கேம்கள் பெரும்பாலும் முதலில் நிற்கும். அன் இன்ஸ்டால் செய்திடுங்கள். போல்டரை மட்டும் அழிப்பது சரியான வழியல்ல.

5. போட்டோ, வீடியோ: வெளி ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்து, சிலவற்றைத் திறந்து சோதித்த பின்னரே இங்கு நீக்கவும். ஆனால் ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் உள்ள படம் பாதுகாப்பான படம் அல்ல. அந்த டிஸ்க் கெட்டால் கல்யாண ஆல்பமும் போய்விடும். இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் பைலை டெலீட் செய்தால், அது இணையத்திலிருந்தும் நீங்கும். ரைட் கிளிக் செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் தேர்ந்தெடுத்தால், இணையத்தில் பைல் இருக்க, கம்ப்யூட்டரில் மட்டும் இடம் கிடைக்கும்.

6. ஸ்டோரேஜ் சென்ஸ்: இதனை ஆன் செய்தால் தற்காலிக பைல்களை விண்டோஸ் தானே நீக்கும். இதிலும் டவுன்லோட்ஸ் போல்டருக்கான பிரிவை நெவர் என்பதிலேயே வைத்திடுங்கள்.

தொடக்கூடாதவையும் உண்டு. விண்டோஸ் போல்டருக்குள் உள்ள வின்எஸ்எக்ஸ்எஸ் போல்டர் பெரிதாகத் தெரியும். கையால் அழித்தால் விண்டோஸ் இயங்காமலே போகலாம். பேஜ்பைல் என்பது ராம் நினைவகத்திற்குத் துணையாக விண்டோஸ் பயன்படுத்துவது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற, மற்ற தகுதிகளுடன் குறைந்தது 64 ஜிபி டிரைவ் வேண்டும். மாறும் எண்ணம் உள்ளவர்கள் இந்த வேலையை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.