கடலோரத்து உப்பும் கருவிலிருக்கும் குழந்தையும்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் செய்யூர்ப் பக்கம் உப்பளங்கள் தென்படும். மாவட்ட எல்லையைத் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். கடலில் அயோடின் இருக்கிறது, ஆகவே கடலுப்பிலும் இருக்கும், கடலோரத்து மக்களுக்கு அது குறையாது என்று நன்றாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடினோ 50 முதல் 60 மைக்ரோகிராம்தான். அத்தனையும் உப்பிலேயே தங்கினாலும் கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம் தேறாது. ஆனால் தங்குவதில்லை. பாத்தியில் உப்பு விளைந்தபின் வடித்துவிடும் கசப்புத் தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடுகிறது. கடையில் வாங்கும் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்கவேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். அதை ஆலையில் பொட்டாசியம் அயோடேட்டாகச் சேர்க்கிறார்கள்.

கர்ப்பிணிக்கு அயோடின் ஏன் இவ்வளவு முக்கியம்? கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பி தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள். கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு நான்காம், ஐந்தாம் மாதத்தில்தான் சரியாக வேலை செய்யத் தொடங்கும். மூளை உருவாகும் முதல் மாதங்களில் குழந்தைக்குக் கிடைப்பது தாயின் தைராக்சின் மட்டுமே. அதனால் தாயின் சுரப்பி வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாகச் சுரக்கவேண்டியிருக்கிறது. சிறுநீரில் வெளியேறும் அயோடினும் அப்போது அதிகம். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும் என்னும் உலக சுகாதார நிறுவனம், கர்ப்பிணிக்கு 250 என்கிறது.

இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் சகாக்களும் 1956இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழுத்துக்கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. கழலை மலைநாட்டு நோய் என்ற எண்ணம் அப்போதிருந்தே நம்மிடம் தங்கிவிட்டது. ஆனால் 2018-19இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி. நீண்ட கடற்கரையும் பெரும் உப்பு உற்பத்தியும் உள்ள மாநிலத்தில் இப்படி இருப்பது எனக்கு வேதனை தருகிறது. கல்லுப்பின் மேல் நமக்கிருக்கும் பிரியம் இதற்கு ஒரு காரணம். கல்லுப்பில் அயோடின் தெளித்திருந்தாலும் அது மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். தூசு போகட்டும் என்று கழுவினால் அதுவும் போய்விடும். இந்துப்பில் தானாக அயோடின் இருக்கும் என்று நினைப்பதும் தவறு.

இனி, ஏற்கெனவே தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு வருவோம். ‘தைராய்டு இருக்கு, அயோடின் மாத்திரை போடலாமா?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் தைராய்டு என்பதைப் பொறுத்தது அது.

சுரப்பி குறைவாகச் சுரப்பதால் தினமும் காலையில் லெவோதைராக்சின் போடுகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம். நம் நாட்டில் பலருக்கு இதன் காரணம் அயோடின் குறைவல்ல. உடலின் எதிர்ப்புச்சக்தியே சுரப்பியை அழிப்பதுதான். அழிந்த சுரப்பிக்கு அயோடினைக் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை. நெல் குத்தும் மில் பழுதாகிக் கிடக்கும்போது வாசலில் மூட்டைகளை அடுக்குவதைப் போன்றது. அவர்களுக்குத் தேவை ஹார்மோன். அந்த மாத்திரையிலுள்ள ஹார்மோனின் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் அயோடின்தான். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மூன்று மாதம் முன்பிருந்தே தினம் 150 மைக்ரோகிராம் அயோடின் எடுக்கலாம் என்றது. லெவோதைராக்சின் போடுகிறவர்களுக்கும், அதிகச் சுரப்புக்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை என்று அவர்களை விலக்கியது. அதற்காக வீட்டு உப்பை மாற்றவேண்டியதில்லை. ‘தைராய்டு வந்துவிட்டது, அயோடின் உப்பை நிறுத்து’ என்று யாராவது சொன்னால் கர்ப்பிணி அதைக் கேட்கக்கூடாது.

லெவோதைராக்சின் போடுகிறவர்கள் செய்யவேண்டியது வேறு. கர்ப்பம் உறுதியானதுமே மருத்துவரைப் பார்க்கவேண்டும். மாத்திரையின் அளவு பொதுவாக 25 முதல் 30 சதவீதம் கூடும். பாதிக் கர்ப்பகாலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளில் அயோடின் இல்லை என்பதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும்: இவை லெவோதைராக்சினைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி அவசியம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் டி.எஸ்.எச். இறங்காமல் தவிக்கும் பலருக்கு இந்த இடைவெளி இல்லாததே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அளவு மீறினால் அயோடினே சுரப்பியை நிறுத்திவிடும். வோல்ஃப், சைக்கோஃப் என்ற இருவர் 1948இல் இதை எலிகளில் கண்டார்கள். ஆரோக்கியமான சுரப்பி சில நாட்களில் மீண்டுவிடும். நோயுற்ற சுரப்பி மீளாமல் போகலாம். கருவிலுள்ள குழந்தையின் சுரப்பிக்கோ கடைசி மாதம் வரை இந்த மீளும் திறமை முழுமையாக வருவதில்லை. நாளொன்றுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து போவது நல்லதல்ல என்பது அதனால்தான். கடற்பாசி மாத்திரைகளில் எவ்வளவு இருக்கும் என்று நிச்சயமில்லை, அவற்றைத் தவிர்க்கவேண்டும். அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கம் இதே கடற்கரையில் இருப்பதால் இதையும் சொல்லியாகவேண்டும்: அணு விபத்து நேர்ந்தால் கொடுப்பதற்கென்று உள்ள 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் உண்டு. கர்ப்பகாலத்து ஒருநாள் தேவையைப்போல 400 மடங்கு. அதை ஒருபோதும் சத்து மாத்திரையாக எண்ணக்கூடாது.

தைராய்டு நோயே இல்லாத கர்ப்பிணிக்கு அயோடின் மாத்திரை எவ்வளவு உதவும்? பெங்களூரிலும் பாங்காக்கிலும் 832 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் 200 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. குழந்தைகளுக்கு ஐந்தாறு வயதானபோது அறிவு வளர்ச்சியில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2017இல் முடிவு வெளியானது. அந்தப் பெண்களுக்குக் குறைபாடு லேசானது. அயோடினே இல்லாத உப்பைச் சாப்பிடும் வீட்டுக்கு இதே முடிவைப் பொருத்த முடியாது. அதனால்தான் மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்கு முன் உப்புப் பாக்கெட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சையாலோ கதிரியக்க அயோடினாலோ அதிகச் சுரப்பு குணமானவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சுரப்பி போனபின்னும், அதைத் தூண்டிய எதிர்ப்பொருள்கள் பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கலாம். அவை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் தைராய்டைத் தூண்டக்கூடும். தாயின் டி.எஸ்.எச். சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. முதல் மாதங்களில் எதிர்ப்பொருள் பரிசோதனையும், அது அதிகமிருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள் மறுபரிசோதனையும் செய்வார்கள். ‘அது எப்பவோ சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல், கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே பத்து வருடத்துக்கு முந்தைய தைராய்டு ஆபரேஷனையும் சொல்லிவிடவேண்டும்.