மஞ்சள் ஜெர்சி இல்லாத ரெண்டு வருஷம்

2016 ஐபிஎல் ஆரம்பிச்சப்போ நான் ஸ்கூல் பையன். பழங்காநத்தத்துல எங்க தெருப் பசங்களுக்கு எந்த டீமுக்குக் கத்துறதுன்னே தெரியல. தோனி புனேவுல, ரெய்னா குஜராத்துல. சென்னை சூப்பர் கிங்ஸ் போட்டியிலேயே இல்லை. ஏன்னு கேட்டா, "ஃபிக்சிங் பண்ணிட்டாங்கடா"ன்னு முடிச்சுடுவாங்க. இன்னைக்கும் ஹாஸ்டல்ல இதே பதில்தான். அது சரியில்லை.

முதல்ல மூணு வார்த்தையைப் பிரிச்சுக்கோங்க. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணினா மேட்ச் ஃபிக்சிங். குறிப்பிட்ட ஓவர்ல இத்தனை ரன் கொடுக்கணும்னு மட்டும் பேசி வச்சா ஸ்பாட் ஃபிக்சிங். பணம் கட்டினா பெட்டிங்.

2013 மே 16 அன்று ஸ்பாட் ஃபிக்சிங் குற்றச்சாட்டில் மூன்று வீரர்களை டெல்லி போலீஸ் கைது செய்தது. மூணு பேருமே ராஜஸ்தான் ராயல்ஸ். அந்த வழக்கில் இருந்து 2015-ல் டெல்லி கோர்ட் அவர்களை விடுவித்தது.

சென்னையோட பிரச்சினை வேற. மே 24 அன்று குருநாத் மெய்யப்பனை மும்பை போலீஸ் கைது செய்தது. ரெண்டே நாள்ல ஃபைனல். ஈடன் கார்டன்ஸ்ல மும்பையிடம் 23 ரன்ல தோத்தோம். குருநாத் வெறும் கிரிக்கெட் ஆர்வலர்னு சொல்லிப் பார்த்தாங்க. சுப்ரீம் கோர்ட் அமைத்த முத்கல் கமிட்டி அதை ஏற்கவில்லை. அவர் டீம் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்தான், பெட்டிங் செய்தார், டீம் தகவல்களை வெளியே சொன்னார் என்றது. ஆனால் அவர் மேட்ச் ஃபிக்சிங் செய்ததாகச் சொல்லவில்லை.

சரி, இதை விசாரிக்க வேண்டியது யாரு? பிசிசிஐ. அதன் தலைவர் யாரு? என். சீனிவாசன். சிஎஸ்கே-வை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநரும் அவரே, குருநாத்தின் மாமனாரும் அவரே. நம்ம டிபார்ட்மென்ட் டோர்னமென்ட்ல ஒரு டீமோட ஓனரே கமிட்டித் தலைவரா உட்கார்ந்தா ஒத்துக்குவீங்களா? பிசிசிஐ அமைத்த விசாரணைக் குழு குற்றமில்லைன்னு சொல்லிடுச்சு. அந்தக் குழுவை அமைச்சதே சட்டவிரோதம்னு மும்பை ஹைகோர்ட் சொன்னது.

இதுக்கு வேர் 2008-ல இருக்கு. போர்டு நிர்வாகிகளுக்குப் போட்டிகளில் வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்ற விதியில், ஐபிஎல்லுக்கு அந்த வருஷம் விலக்கு கொடுத்தாங்க. 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த விலக்கை ரத்து செய்தது. ஜூலை 14 அன்று லோதா கமிட்டி சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் ரெண்டு வருஷத் தடை போட்டது.

இத்தாலியிலும் 2006-ல் கிட்டத்தட்ட இதே கதை. யுவென்டஸ் பொது மேலாளர் மோஜி, ரெஃப்ரிகளை நியமிக்கிறவங்களோட போன்ல பேசினது வெளியே வந்தது. யுவென்டஸின் ரெண்டு சாம்பியன் பட்டங்களைப் பறித்து, இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினாங்க. அங்கேயும் விளையாடுறவங்களுக்கும் நடத்துறவங்களுக்கும் நடுவுல இருக்க வேண்டிய சுவர்தான் இடிஞ்சது.

2018-ல் திரும்பி வந்தோம், கப் அடிச்சோம், விசில் போட்டோம். நானும்தான் போட்டேன். ஆனா அடுத்த தடவை யாராவது "ஃபிக்சிங்"னு ஒரே வார்த்தையில முடிச்சா, "அப்போ போர்டு தலைவர் யாரு?"ன்னு திருப்பிக் கேளுங்க.