மிஞ்சிய வரிப்பணம் யாருடையது?



சட்டமன்றத்தில் பட்ஜெட் படிக்கும் நாட்களில் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் பேசும் விஷயம் ஒன்று உண்டு. "இவ்வளவு வரி வாங்குகிறார்களே, மிஞ்சுகிற பணத்தை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன?" என்பார் ஒருவர். "கையில் காசு கொடுத்தால் கரைந்துவிடும், ரோடு போடட்டும், ஆஸ்பத்திரி கட்டட்டும்" என்பார் இன்னொருவர். "அதெல்லாம் பிறகு, முதலில் வரியைக் குறைக்கட்டும்" என்பார் கடை வைத்திருப்பவர். மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் சிக்கல். அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். வருமான வரி கட்டுகிறவர்கள் மட்டும்தான் வரி கட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறோம். ஏலக்காய்க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. இருப்பது போடியில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்கு வாங்கும் மருந்து, செல்போன் ரீசார்ஜ், செருப்பு, பெட்ரோல் என்று அன்றாடம் நாம் வாங்கும் பலவற்றின் விலைக்குள்ளும் வரி ஒளிந்திருக்கிறது. பழம் எடுக்க மலையேறும் தொழிலாளியும் வரி கட்டுகிறார், தோட்ட முதலாளியும் கட்டுகிறார். ஆகவே அரசாங்கக் கஜானாவில் உள்ள பணத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு. அது ஆட்சியாளர் கையில் இருக்கும் அமானிதம்.

மிச்சம் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஓர் ஆண்டில் அரசுக்கு வரும் வரி, கட்டணம், மத்திய அரசு தரும் பங்கு எல்லாம் சேர்ந்து வருவாய். சம்பளம், பென்ஷன், மானியம், கடனுக்கு வட்டி ஆகியவை அன்றாடச் செலவு. வருவாயில் இந்தச் செலவு போக மீதி இருந்தால் அது வருவாய் உபரி. குறைந்தால் வருவாய்ப் பற்றாக்குறை.

தமிழ்நாடு உபரி கண்ட மாநிலம்தான். 2006-07 முதல் 2012-13 வரையான ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் உபரி இருந்தது. 2011-12ல் சுமார் 1,364 கோடி ரூபாய், 2012-13ல் சுமார் 1,760 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே பற்றாக்குறை தொடங்கியது. கொரோனா காலமான 2020-21ல் அது 60 ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2021 ஆகஸ்டு 9 அன்று அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையை ஒட்டி, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2 லட்சத்து 63 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள்.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. 2022ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. விலை ஏறிய வருடம் பழைய கடனை அடைத்தவர் பிறகு தாக்குப் பிடித்தார். அந்த ஒரு வருட விலையை நம்பிப் பெரிய மாதச் சீட்டில் சேர்ந்தவர் திணறினார். அரசுக்கும் இதே கணக்குதான். ஒரு வருடம் மட்டும் மிஞ்சிய பணத்தை ஒரு தடவையோடு முடிகிற காரியத்துக்குச் செலவிடலாம். வருடா வருடம் கொடுத்தே ஆக வேண்டிய திட்டத்துக்கு வருடா வருடம் வரும் வருமானம் வேண்டும்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இந்த இடத்தில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற அந்தத் திட்டம், மிஞ்சிய பணத்தைப் பங்கு போட்டதால் வந்தது அல்ல. பற்றாக்குறை இருக்கும்போதே, வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு உரிமையாகத் தருகிறோம் என்று அரசு ஏற்றுக்கொண்ட தொடர் செலவு. நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பணம் கேஸ் சிலிண்டராகவும் பள்ளிக்கூடச் செலவாகவும் மாறுகிறது. அது நிலைக்க வேண்டுமானால் அரசின் வருமானமும் நிலைக்க வேண்டும். வரியையும் குறை, தொகையையும் கூட்டு என்று ஒரே மூச்சில் கேட்பது கணக்குக்கு ஒத்துவராது.

திருப்பித் தரும் வழிகள்

வரியைக் குறைப்பது ஒரு வழி. 2021 ஆகஸ்டு 13 பட்ஜெட்டில் பெட்ரோல் மீதான மாநில வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சொல்லப்பட்டது. மாதம் 10 லிட்டர் போடும் ஸ்கூட்டர்காரருக்கு 30 ரூபாய் மிச்சம். 100 லிட்டர் போடும் கார்காரருக்கு 300 ரூபாய் மிச்சம். வண்டியே இல்லாத விதவைத் தாய்க்கு நேரடியாக ஒன்றும் இல்லை. யார் அதிகம் செலவழிக்கிறாரோ அவருக்கே அதிகம் திரும்புகிறது.

கையில் பணமாகக் கொடுப்பது இரண்டாவது வழி. யாருக்கு எது தேவையோ அதை அவரே வாங்கிக்கொள்ளலாம் என்பது இதன் நன்மை. ஆனால் பணத்தால் வாங்க முடியாத தேவைகளும் உண்டு. மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. அகலப் பாதையில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15 அன்று. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாம் பஸ்ஸில் போனோம். வீட்டுக்கு வீடு பணம் கொடுத்திருந்தாலும், எந்த வீடும் 90 கிலோமீட்டர் தண்டவாளத்தை வாங்கிப் போட்டிருக்க முடியாது. அகமலை ஊராட்சியின் சிற்றூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள் என்ற செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். அங்கே வேண்டியது பாதை. அதை எல்லோர் பணமும் சேர்ந்துதான் போட முடியும்.

சிங்கப்பூரில் நம்மவர் பலர் இருப்பதால் அந்த ஊர்க் கணக்கையும் சொல்கிறேன். 2017 நிதியாண்டில் அந்த அரசுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக, 960 கோடி வெள்ளி மிஞ்சியது. 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் அதிலிருந்து 500 கோடி வெள்ளியை எதிர்கால ரயில் பாதைகளுக்கென ஒதுக்கினார்கள். 200 கோடியை முதுமையில் படுக்கையில் விழுபவர்களுக்கான காப்பீட்டு உதவிக்கு எடுத்து வைத்தார்கள். சுமார் 70 கோடியை மட்டும் 21 வயது நிரம்பிய குடிமக்களுக்கு ஒரு தடவைப் பணமாகக் கொடுத்தார்கள். அதிலும் வருமானம் குறைந்தவருக்கு 300 வெள்ளி, நடுத்தரத்துக்கு 200, அதற்கு மேலுள்ளவர்களுக்கு 100. பொதுக் காரியம் முதலில், கைப்பணம் பிறகு, கைப்பணத்திலும் இல்லாதவருக்குக் கூடுதல் என்ற வரிசையைக் கவனியுங்கள்.

நம் வரலாற்றில் இந்தக் கேள்வி

இது புதிய விவாதம் அல்ல. பைத்துல்மாலுக்கு வந்த செல்வத்தை ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) பதிவேடு ஏற்படுத்தி, தீனுக்காக முந்தி நின்றவர்களுக்குக் கூடுதலாக வைத்தார்கள். இருவரும் நீதியை நாடியே செய்தார்கள். பங்கிடும் முறையில் கருத்து வேறுபடுவது குற்றம் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

மிச்சம் பற்றி நேரடியாகப் பேசும் சம்பவம் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) காலத்தில் நடந்தது. அவர்கள் ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆட்சி செய்தார்கள். இமாம் அபூ உபைத் (ரஹ்) தமது 'கிதாபுல் அம்வால்' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இராக்கின் ஆளுநருக்கு, மக்களுக்குச் சேர வேண்டிய தொகைகளைக் கொடுத்துவிடும்படி கலீஃபா எழுதினார்கள். கொடுத்த பிறகும் பணம் இருக்கிறது என்று பதில் வந்தது. வீண் செலவு செய்யாமல் கடனில் சிக்கியவர்களைத் தேடி அவர்கள் கடனை அடைக்கும்படி உத்தரவிட்டார்கள். அதன் பிறகும் இருந்தது. வசதியில்லாமல் திருமணம் தள்ளிப்போகும் வாலிபர்களுக்கு மஹர் கொடுத்து மணமுடித்து வைக்கச் சொன்னார்கள். அப்போதும் இருந்தது. ஜிஸ்யா செலுத்தும் முஸ்லிமல்லாத விவசாயிகளில், நிலத்தைப் பயிரிட முடியாமல் நலிந்தவர்களுக்குக் கடன் கொடுக்கும்படி எழுதினார்கள்.

இதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம். ஏற்கனவே கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகே மிச்சம் என்ற பேச்சு வந்தது. அடுத்து, உதவி கேட்டு யாரும் அரண்மனைக்கு வரவில்லை, அரசே தேவையுள்ளவரைத் தேடிப் போனது. மூன்றாவதாக, அந்தத் தேடல் மத எல்லையில் நிற்கவில்லை.

ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரைத் திருக்குர்ஆனே (9:60) வரையறுத்துவிட்டது. அரசு வரிக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. பட்ஜெட்தான் பட்டியல். அதனால்தான் அதைப் பற்றி நாம் தெரிந்துகொண்டு பேச வேண்டியிருக்கிறது.

மிச்சம் போலத் தெரியும் பாக்கி

கணக்கில் மீதி என்று காட்டும் எல்லாப் பணமும் மீதி அல்ல. 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலை செய்தவர்களின் கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றதை நாம் பார்த்தோம். அப்படிக் கொடுக்காமல் வைத்திருக்கும் கூலி, எந்தக் கஜானாவில் இருந்தாலும் அது மிச்சம் ஆகாது, கடன்.

இதைவிடப் பெரிய உதாரணம் கட்டடத் தொழிலாளர் நல வரி. கட்டடம் கட்டும் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கென்றே வசூலிக்கிறார்கள். 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, நாடு முழுவதும் இப்படி வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளர்களுக்காகச் செலவானது சுமார் 9,500 கோடி மட்டுமே. பணம் இருந்தது, உரியவர்களும் இருந்தார்கள். ஆனால் இரண்டும் சந்திக்கவில்லை. கொத்தனாரும் சித்தாளும் பதிவு செய்யாமல் இருக்கும்வரை அவர்கள் பணம் ஏட்டில் 'செலவாகாத தொகை' என்று கிடக்கும். பிறகு வேறு யாராவது வேறு காரியத்துக்கு அதைக் கேட்பார்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது நமது கருத்து. முதலில் கூலி, பென்ஷன், நிவாரணம் என்று ஏற்கனவே உள்ள பாக்கி. அடுத்து வட்டி தின்னும் கடனைக் குறைப்பதும், பாதை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்ற பொதுத் தேவையும். அதன் பிறகு இல்லாதவருக்குக் கூடுதலாகச் சேரும்படி கைப்பணம். எல்லோருக்கும் பொதுவான வரிக்குறைப்பு கடைசியில்.

நாம் செய்யக்கூடியது

கோட்டையில் நடப்பது நம் கையில் இல்லை. உரியதைக் கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது. நம் மஹல்லாவில் கொத்து வேலை, பெயிண்டிங், எலக்ட்ரிகல், தச்சு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். 18 வயது முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, மரணம், முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அதில் உதவி உண்டு. அட்டை வைத்திருந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உடனே புதுப்பிக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு அட்டையைத் தேடுவதால் பயன் இல்லை.

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ ஆகியவற்றுடன் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இணையத்தில் விண்ணப்பிக்க நம் பிள்ளைகள் உதவுவார்கள், கட்டணம் இல்லை. பக்கத்து வீட்டில் இந்து, கிறிஸ்தவ சகோதரர்கள் இந்த வேலை செய்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். தேனியிலுள்ள தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தால், கூட ஓர் ஆள் வர ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்