ஆரோக்கிய கர்நாடகா திட்டம்: கீமோதெரபி மருந்துக்கு முன் அனுமதி பெறுவது எப்படி?

பெங்களூரு: கர்நாடக அரசின் மருத்துவ உதவித் திட்டத்தில் கீமோதெரபி பெறும் புற்றுநோயாளிகளுக்கு, மருந்து செலுத்தப்படும் முன்பே அதற்கான ஒப்புதல் பெறப்பட வேண்டும். ‘முன் அனுமதி’ எனப்படும் இதனைக் கோர வேண்டியது மருத்துவமனையே. நோயாளியின் குடும்பத்தார் அல்லர்.

2018 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஆரோக்கிய கர்நாடகா திட்டம், அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. பெங்களூருவில் உள்ள சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா அறக்கட்டளை இதனைச் செயல்படுத்துகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். மற்ற குடும்பங்களுக்குச் சிகிச்சைத் தொகுப்புக் கட்டணத்தில் 30 சதவீதத்தை மட்டுமே, ரூ.1.5 லட்சம் என்ற வரம்புக்குள், அரசு ஏற்கிறது. எஞ்சியதை நோயாளியே செலுத்த வேண்டும். அனுமதி கிடைத்தது என்றாலே செலவு முழுவதும் தீர்ந்தது எனப் பலர் கருதிவிடுவது இங்குதான்.

பொதுவாக இத்திட்டத்தில் மருந்துக்கெனத் தனி அனுமதி இல்லை. அறுவைச் சிகிச்சைக்கோ பிற சிகிச்சைக்கோ நிர்ணயிக்கப்பட்ட தொகுப்புக்குள் மருந்தும் அடங்கிவிடுகிறது. புற்றுநோயில் நிலை வேறு. எந்த மருந்துகள், எத்தனை சுற்று என்ற அடிப்படையிலேயே தொகுப்புகள் வகுக்கப்பட்டுள்ளன. எனவே திசுப் பரிசோதனை அறிக்கை, சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றை மருத்துவமனை இணையவழியில் பதிவேற்றுகிறது; மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து ஒப்புதல் தருகின்றனர். ஓர் ஆவணம் விடுபட்டாலும் விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பும். 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டியவருக்கு அது சிறிய தாமதமன்று. பழைய அறிக்கைகளின் நகல்களைக் கையில் வைத்திருப்பதே குடும்பத்தார் செய்யக்கூடிய உதவி.

தனியார் மருத்துவமனையில் உயர்சிகிச்சை பெற அரசு மருத்துவமனையின் பரிந்துரையும் தேவை. உயிருக்கு ஆபத்தான அவசர நிலைகளில் மட்டும் பரிந்துரையின்றி, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைக்கு நேரடியாகச் செல்லலாம்.

ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான மருந்துச் செலவும் தொகுப்பில் சேரும். அதன்பின் தொடரும் மாத்திரைகளும், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு வெளிநோயாளியாகப் பெறும் மருந்துகளும் இதில் அடங்கா. அவற்றுக்கு அரசு மருத்துவமனை மருந்தகங்களையோ மலிவு விலை மக்கள் மருந்தகங்களையோதான் நாட வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட தொகுப்புக்கு மேல் மருத்துவமனை பணம் கேட்டால் 14555 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் புகார் அளிக்கலாம்.